அசல் துரு

தன்னைத் தவிர உலகத்தில் மற்ற எல்லாரும் மடையர்கள் என்பது அருங்காட்சியகக் காப்பாட்சியரின் தீர்மானம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் புராதனக் குறுவாளை வாய் பிளந்து பார்க்கிற கூட்டத்துக்கு, அங்கே ஒரு கரண்டியை வைத்தாலும் வித்தியாசம் தெரியாது.

அதனால்தான், ‘துப்புரவுக்குச் சென்றுள்ளது’ என்று பெட்டியில் ஓர் அட்டையை வைத்துவிட்டு, குறுவாளோடு ஓர் இரும்புப் பட்டறைக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். அச்சு அசலாக ஒரு போலி தயாரானால் அது பெட்டிக்குள் போகும், அசல் கைமாறும்.

வாங்குபவன் பொல்லாதவன். அவனிடம் போலியை நீட்டிய ஒருவர் இப்போது இடது கையால் சாப்பிடுகிறார்.

பட்டறைக்காரர் புது இரும்பை உப்புத் தண்ணீரில் முக்கினார், வினிகர் தெளித்தார், காய வைத்தார், மறுபடி முக்கினார். செம்பழுப்பு மெல்ல அப்பிக்கொண்டு வந்தது.

“சாயம் இல்லையேய்யா? சுரண்டினா உதிர்ந்துடப் போகுது!”

“சாயமா? இரும்பே வேற பொருளா மாறியிருக்கு சார். திரிஞ்ச பால் திரும்பவும் பாலாகுமா?”

“எனக்கே ரசாயனப் பாடமா? வேலையப் பாருய்யா.”

அசலை மட்டும் அவர் அங்கே விட்டுப் போனதே இல்லை. அளவெடுக்கக் கொடுத்தாலும் கண் கொட்டாமல் எதிரில் உட்கார்ந்திருப்பார். திருடனுக்குத்தானே தெரியும், திருட்டு எந்தப் பக்கமிருந்து வருமென்று!

வேலை முடிந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் மாற்றி மாற்றிப் பார்த்தார். அதே குழிகள், அதே செதில்கள். பார்த்துக்கொண்டே இருந்ததில் எது எதுவென்று அவருக்கே குழம்பிப் போனது. பெரிய நிபுணருக்கு வியர்த்துக் கொட்டியது. வெளியே வண்டியில் வாங்குபவன் ஹாரன் அடித்தான்.

“வலது பக்கம் இருக்கே, அதுதான் சார் நீங்க கொண்டுவந்தது” என்றார் பட்டறைக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வலது பக்கத்துக் குறுவாளைத் துணியில் சுற்றிக்கொண்டு ஓடினார். வண்டி புறப்பட்டுப் போனது. போலியை எடுத்துப்போகத் திரும்பி வந்தவருக்குப் பழைய மிடுக்கும் திரும்பியிருந்தது.

“எப்படிய்யா சட்டுனு சொன்ன? நானே தடுமாறிட்டேன், நீ என்ன பெரிய நிபுணனா?”

“என் கைவேலை எனக்குத் தெரியாதா சார்? இது உங்களுக்குப் பண்ணது.”

கையைத் துடைத்துக்கொண்டே தெரு முனையைப் பார்த்தார் பட்டறைக்காரர்.

“அது, உங்களுக்கு முன்னாடி உங்க ஆபீஸ் நாற்காலியில இருந்தவருக்குப் பண்ணிக் கொடுத்தது.”