குழுத் தலைவர் யார்?

குடிநீர்த் துறையில் இரண்டு மாதப் பயிற்சி அன்றோடு முடிந்தது. நான்கு மாணவர்களும் சேர்ந்து தயாரித்த குழாய் வரைபடத்தை இயக்குநர் புரட்டிக்கொண்டிருக்க, நால்வரில் ஒருத்தி தன் பையை இழுத்து அணைத்துக்கொண்டாள். 'குழுவுக்கு நீங்களே தலைவர். தலைமை தாங்காவிட்டால் சான்றிதழ் இல்லை' என்று முதல் நாள் துறை கொடுத்த கடிதம் அந்தப் பைக்குள் கிடந்தது. அதை யாரிடமும் அவள் காட்டவில்லை. அதிகாரம் பண்ண வாய் வராமல், எதற்கெடுத்தாலும் "நீங்க என்ன சொல்றீங்க?" என்று மற்ற மூவரையும் கேட்டே காலத்தை ஓட்டியிருந்தாள்.

"வேலை பிரமாதம். யாருப்பா தலைவர்?" என்றார் இயக்குநர்.

அவள் கடிதத்தை நீட்டினாள். "நான்தான் மேடம். ஆனா ஒரு உத்தரவுகூடப் போடல."

"அடிப்பாவி, அப்போ இது என்ன?" என்றான் குழுவிலிருந்த நெட்டையன் ஒருவன். அவன் சட்டைப்பையிலிருந்தும் அதே கடிதம் வந்தது. மற்ற இருவரும் அசடு வழிய ஆளுக்கொன்றை எடுத்தார்கள்.

"அதான் நீயும் தினம் என் வாயையே பார்த்தியா?" அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நால்வரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

இயக்குநர், கடிதங்களைத் தயாரித்த எழுத்தரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணை டைப் அடிச்சிட்டு, மத்ததுல பேரை மட்டும் மாத்தினேன் மேடம்," என்று அவர் தலையைச் சொறிந்தார்.

"நல்லது. சான்றிதழையும் அப்படியே அடிச்சிடுங்க."