பச்சைப் பாரி

“லைட்டத் தொட்டியா?”

கதவுக்கு வெளியே நின்று கேட்கிறான் புருஷன்.

“தொடல.”

“நகத்துனியா?”

“அதான் தொடலங்கிறேன்ல.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பாவம், உள்ளே வந்து பார்த்துக்கொள்ளவும் முடியாது அவனால். முளைப்பாரி இருக்கும் அறையில் ஆண்கள் தலைகாட்டக் கூடாது. உள்ளே கேமரா எடுக்கும் படத்தைக்கூட அவன் பார்க்கக் கூடாது என்று அவளாகவே ஒரு சட்டத்தையும் சேர்த்துக்கொண்டாள். கொஞ்சம் தவிக்கட்டும்.

யோசனை அவனுடையதுதான். அம்மன் திருவிழாவுக்கு அவள் வளர்க்கும் முதல் பாரி. மண்சட்டியில் பயறு முளைவிடுவதிலிருந்து, தலையில் தூக்கிவைக்கும் நாள் வரை கேமரா தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டினால் பயிர் கண்ணெதிரே எழுந்து வரும்.

ஒரே நிபந்தனை. வெளிச்சம் மாறவே கூடாது.

ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினான். கரண்ட் போனாலும் விளக்கு அணையாதிருக்க, கல்யாண வீடுகளுக்குக் கொண்டுபோகும் பேட்டரியை இழுத்து மாட்டினான். விதை போடுவதற்கு முன்பே நல்ல பிள்ளையாக வெளியே போய்விட்டான்.

ஊரில் யார் வீட்டுக் கல்யாணமென்றாலும் அவன்தான் படம் எடுப்பான். அவளை மட்டும் எடுத்ததில்லை.

கேட்டால், “ஒன்னையத்தான் தெனமும் பாக்குறேனே” என்பான். இதெல்லாம் ஒரு பதிலா?

அப்படிப்பட்டவன், கூட வேலை பார்ப்பவரைக்கூடத் தொட விடாத கேமராவை அவளிடம் ஒப்படைத்திருந்தான். அதற்காகவே அவள் எதற்கும் தலையாட்டியிருப்பாள்.

பாரியில் வெயில் படக் கூடாது என்று தெருப் பெண்கள் சொல்லியிருந்தார்கள். விளக்கைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எந்த வீட்டில் பாரிக்கு விளக்குப் போட்டு வைத்தார்கள், சொல்வதற்கு?

அவள் பிறந்த ஊரில் இந்த வழக்கமே கிடையாது.

காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தாள். பயறு தோலைத் தள்ளிக்கொண்டு தலைதூக்கியது. இலை விரித்தது. பச்சைப்பசேலென்று நின்றது. பயிர் என்றால் பச்சைதானே. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனாள்.

பூரித்ததை ஒன்றுவிடாமல் கதவு வழியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் அவன் ஆறிப்போன தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான். கல்யாணமானதிலிருந்து இருவரும் இவ்வளவு பேசியதில்லை.

திருவிழா அன்று மாலை பாரியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவன் கேமராவோடு எதிர்ச்சுவர் ஓரம் காத்திருந்தான்.

தெருவைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

வரிசையில் எல்லார் தலையிலும் பாரி வெளிர்மஞ்சளாக, முழ உயரத்துக்கு நின்றது. இருட்டிலேயே வளர்ந்த பயிர்.

அவளுடையது மட்டும் குட்டையாக, கரும்பச்சையாக.

பாரி எப்படி வந்திருக்கிறதென்று பார்த்துத்தான் இந்தத் தெருவில் ஒரு வீட்டை எடைபோடுவார்கள். வந்து ஒரு வருடம் ஆகாத மருமகளை இன்னும் நன்றாகவே எடைபோடுவார்கள். முடிவைச் சொல்வது பஞ்சவர்ணத்தக்கா, வரிசையில் முதலில் நிற்பவள். அவள் வாய் திறந்துவிட்டால் தெருவுக்கு வேறு பேச்சில்லை.

அக்கா பார்த்தாள். முதலில் பாரியை, பிறகு அவள் முகத்தை.

“என்ன புள்ள இது, பச்சையா?”

அவள் பாரியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எல்லார் முன்னாலும் அழுதுவிடுவோமோ என்று பயந்தாள்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. விளக்கு. முகம் தொங்கிப்போயிற்று. கேமராவை முதுகுப் பக்கம் மறைத்துக்கொண்டு, “அக்கா, அது என்னாலதான்…” என்று ஆரம்பித்தான்.

அதற்குள் மேளம் முழங்கியது. யாருக்கும் கேட்கவில்லை. வரிசை நகர்ந்தது.

அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். குற்றவாளிபோல் தலைகுனிந்து நிற்கிறான். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. பச்சை என்ன பெரிய பச்சை.

அவனுக்கு நேரே வந்ததும் நின்றாள்.

பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். மேளக்காரர் திரும்பிப் பார்த்து, அடிப்பதை நிறுத்தினார்.

தலையில் பாரி இருக்கும்போது கழுத்தைத் திருப்ப முடியாது. உடம்போடு அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, எடுங்க.”

அவன் அசையவில்லை.

“ஊருல எல்லாரையும் எடுக்குறீங்கல்ல. என்னைய எடுங்க.”

தெரு முழுக்கக் கேட்டது. எவளோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள்.

கேமரா மெல்ல மேலே வந்தது.

முன்னாலிருந்து பஞ்சவர்ணத்தக்கா வரிசையை விட்டு விலகி வருவது தெரிந்தது. திட்டத்தான் வருகிறாள் என்று அவள் நினைத்தாள். ஆனாலும் நகரவில்லை.

அக்கா முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். தன் பாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் தோளோடு தோள் ஒட்டி வந்து நின்று, கேமராவைப் பார்த்தாள்.