உள்ளே வந்தவர்கள்

தன் சினைப்பையிலிருந்து எடுத்த புற்றுக்கட்டியைத் தானும் பார்க்க வேண்டும் என்று செலின் கேட்டதும் டாக்டர் திலகாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. மாணவர்களுக்குக் காட்ட வைத்திருந்த, கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய அழகான கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் பொருத்தினாள்.

"ஊதாப் புள்ளி தெரியுதா? நோயோட சண்டை போடுற செல்லுங்க. இப்படிக் கட்டிக்குள்ளேயே நெறைய புகுந்திருந்தா, பெரும்பாலும் ரொம்ப நாள் நல்லா இருப்பாங்க."

செலின் கண்ணை எடுக்கவில்லை. "எத்தன பேரு உள்ள வந்திருக்காவ! எனக்குன்னு ஒருத்தரும் இல்லன்னுல்லா நெனச்சேன் டாக்டரம்மா."

இது வேறொருத்தியின் கட்டி என்று சொல்லத் திலகா வாயைத் திறந்தாள். செலினின் தகடு பக்கத்திலேயே இருந்தது. அதில் புள்ளிகள் எல்லாம் கட்டிக்கு வெளியே, ஓரமாகவே நின்றுவிட்டிருந்தன. திலகாவுக்குக் காது மடல் சுட்டது.

"இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கிடட்டுமா?" என்றாள் செலின்.

தலை நிமிராமல் திலகா குமிழைத் திருகி, படத்தை இன்னும் தெளிவாக்கிக் கொடுத்தாள்.