குளியலறைக் கதவு

நகைச்சுவைத் தொடரில் கணவனாக நடித்த ஆராவமுதன் இறந்ததும், மனைவியாக நடித்த வத்சலா இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவருடைய நிஜ மனைவி கோமளமே அவளைத் தேடி வந்தாள்.

“நிறுத்திடாதம்மா. எங்க வீட்டுல எல்லாரும் சேர்ந்து சிரிக்கிறது அந்த அரை மணி நேரந்தான்.”

“திட்டுறதுக்கு ஆள் இல்லாம என்னக்கா நடிக்கிறது?”

ஆனாலும் வத்சலா படப்பிடிப்புக்குப் போனாள். தொடரில் அவர் சாகவில்லை, குளித்துக்கொண்டிருக்கிறார் என்று இயக்குநர் மாற்றியிருந்தார். சாத்திய குளியலறைக் கதவைப் பார்த்து வத்சலா கத்தினாள்: “ஏங்க, வெளியில வர்ற உத்தேசமே இல்லையா?”

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கோமளம் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். ஷாட் கெட்டுப்போனது. வத்சலாவுக்கும் சிரிப்பு வந்தது.

“இன்னொரு தடவை திட்டும்மா” என்றாள் கோமளம், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

வத்சலா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கதவைப் படபடவென்று தட்டினாள்.