இரண்டு அங்குல மணல்

அண்ணி மீன் தொட்டிக்குள் கையை விட்டு, நட்டிருந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஒன்றல்ல, ஐந்து.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள் நாத்தனார்.

"இது எத்தனை நாளா நடக்குது, அண்ணி?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்ப எழுந்தே?"

பிடுங்கிய செடிகள் தண்ணீருக்கு மேலே மிதந்தன. குளியலறையில் அண்ணன் குளிக்கும் சத்தம் கேட்டது.

அண்ணன் செல்போன் பழுது பார்ப்பவன். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கை துவண்டுபோனது. அன்று பூட்டிய கடை இன்னும் திறக்கவில்லை. தங்கை வெளியூரில் அலங்கார மீன் கடை வைத்திருப்பவள். அண்ணனுக்குப் பொழுது போகட்டும் என்று தொட்டி, மீன், செடி எல்லாவற்றையும் அவள்தான் அனுப்பிவைத்தாள். அடியில் போட மணல்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது மட்டும் அண்ணி.

அண்ணன் தினமும் தொட்டி முன்னால் உட்கார்ந்து, நடுங்கும் கையில் ட்வீசர் இடுக்கியைப் பிடித்து, ஒவ்வொரு தண்டாக மணலில் நடுவான். ஒரு செடிக்குக் கால் மணி நேரம் ஆகும். மறுநாள் காலையில் பார்த்தால் நாலைந்து செடி மிதக்கும்.

"மணல்ல பிடிமானமே இல்லை போல" என்று போனில் புலம்புவான்.

அதைக் கேட்டு மனசு பொறுக்காமல்தான், தொட்டிச் செடிக்கென்றே விற்கும் சத்து மண்ணை ஒரு மூட்டை தூக்கிக்கொண்டு முந்தாநாள் வந்து இறங்கினாள் தங்கை. அண்ணி மூட்டையைப் பிரிக்கவே விடவில்லை. "மணலே இருக்கட்டும்" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அப்போதே தங்கைக்கு உறுத்தியது. மீன்கள் விரல் நகத்தளவு. மணலைத் தோண்டுகிற வகையும் இல்லை. இரண்டு அங்குல மணலில் நட்டது தினமும் தானாக மிதக்காது. தொழில் தெரிந்தவளிடமா இந்தக் கதை?

இப்போது குட்டு வெளிப்பட்டுவிட்டது. அவள் பொரிந்து தள்ளினாள்.

"முடியாத கையை வச்சுக்கிட்டு மனுஷன் மணிக்கணக்கா உட்கார்ந்து நடுறான். அதைப் பிடுங்கிப் போட உங்களுக்கு எப்படி மனசு வருது? அப்படி என்ன வஞ்சம் அவன் மேல?"

"கத்தாதே. சொல்றேன்."

அண்ணி குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"பட்டாணியை ஒவ்வொண்ணா பொறுக்கி இன்னொரு கிண்ணத்துல போடச் சொன்னாங்க, பயிற்சி கொடுக்குறவங்க. மூணாவது நாள் கிண்ணம் சுவத்துல போய் மோதுச்சு. 'நான் என்ன குழந்தையா'ன்னு ஒரே கோபம். பிடிச்சு அமுக்கக் கொடுத்த ரப்பர் பந்து ஜன்னல் வழியா பறந்துடுச்சு. தினம் ஒரு மணி நேரம் விரலுக்கு வேலை இல்லைன்னா கை இப்படியே நின்னுடும்னு சொல்லிட்டாங்க. இதை ஒண்ணைத்தான் முகம் சுளிக்காம செய்றார். எல்லாச் செடியும் வேர் விட்டுட்டா அப்புறம் எதை நடுவார்?"

"அதுக்கு ஏன் மணல்தான் வேணும்னீங்க?"

"நீ கொண்டுவந்த மண்ணுல பிடுங்கினா தண்ணி கலங்கிக் காட்டிக் கொடுத்துடும். மணல்ல பிடுங்கித் தடவிவிட்டா தடமே தெரியாது."

கடைக்காரிக்கே தோன்றாத யோசனை.

"போன வாரம் சட்டைப் பட்டனை அவரே போட்டுக்கிட்டார்" என்றாள் அண்ணி. "அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதே. தெரிஞ்சுது, ட்வீசரையே தொட மாட்டார்."

சற்று முன் கேட்ட கேள்விக்காகத் தங்கை வெட்கப்பட்டாள். சரி என்று தலையை ஆட்டினாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு காபி போடப் போனாள்.

அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். தொட்டியைப் பார்த்ததும், "பாத்தியா? இன்னைக்கும் அஞ்சு!" என்று அலுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ட்வீசர் நடுங்கியது. தண்டு இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை மணலுக்குள் போய் நின்றது. பார்த்துக்கொண்டிருந்த தங்கைக்குத் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை. நுனியை மட்டும்தான் அவன் மணலுக்குள் செருகியிருந்தான்.

"என்னண்ணா இது, பேருக்குச் செருகி வைக்கிறே? சாய்ச்சுப் பிடிச்சு ஆழமா இறக்கு."

அண்ணன் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"மெதுவா பேசு. ஆழமா நட்டா, காலையில உங்க அண்ணிக்குப் பிடுங்கக் கஷ்டமா இருக்கும்."