ஆள் படுத்திருக்கும் வீடு

தலைக்கு மேலே ஓர் ஓடு விலகியது.

கட்டிலில் கிடந்தவர் கண்ணைச் சுருக்கினார். ஓடு இருந்த இடத்தில் கொஞ்சம் வானம். வானத்தை மறைத்துக்கொண்டு மேஸ்திரி கலியபெருமாளின் முகம்.

மேஸ்திரி சிரிக்கப் போனார். பாதியில் நிறுத்திக்கொண்டு, கூரையைத் தாங்கும் கைமரத்தைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

தட்டிய இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. போர்வைமேல் விழுந்தது. துடைக்க அவருக்கு வலக்கை வராது. இடக்கை வரும். துடைக்கவில்லை.

வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தார்கள். பிரித்துப் பார் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். 'உள்ள போ, உள்ள போ' என்று ஊரையே அதட்டிய வாய், பக்கவாதத்தில் ஒரேயடியாகக் கோணிக்கொண்டது. மிஞ்சியது கழுத்தில் தொங்கும் விசில்.

ஒன்று ஊதினால் வேண்டாம். இரண்டு ஊதினால் சரி.

பஸ்ஸில் இருந்த வழக்கம்தான். நில். போகலாம்.

நீளமாக ஊதினால், எங்கிருந்தாலும் மனைவி தையல்நாயகி ஓடி வருவாள். ரொம்ப தூரத்தில் இருக்கவும் மாட்டாள். பக்கத்து வீட்டில் கூலிக்கு அப்பளம் உருட்டுகிறாள், ஒரு காதை விசிலுக்குக் கொடுத்தபடி.

எல்லாம் இந்தக் கூரைக்காக.

ஓர் அறை வீடு. போன ஐப்பசி மழையில் கட்டிலை மூலைக்கு மூலை இழுத்தாள். கடைசி மூலையும் ஒழுகியபோது குடையை விரித்து, அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த மழைக்குள் கூரையை மாற்றியே தீருவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

இதோ, புரட்டாசி முடியப்போகிறது.

மேஸ்திரி ஏணியிலிருந்து இறங்கும் சத்தம். பிறகு வாசலில் பேச்சு. வாய்தான் போயிருந்தது அவருக்கு. காது பாம்புக் காது.

மரம் ஒன்றும் தேறாதாம். ஓட்டில் பாதி தேறுமாம். சரிவு அதிகமாம், ஆள் கூட வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் தையல்நாயகி 'ம்' கொட்டிக்கொண்டு வந்தாள்.

பிறகு மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார்.

தாழ்த்தும்போதே கட்டிலில் கிடந்தவருக்குத் தெரிந்துவிட்டது, அடுத்த பேச்சு தன்னைப் பற்றி என்று.

"வீடு காலியா இருந்தா ஒரே மூச்சுல பிரிச்சு ஏத்திடுவேன்க்கா. அவர வச்சிக்கிட்டுன்னா பாதி பாதியாத்தான் பிரிக்கணும். சாரமும் ரெண்டு தடவ கட்டணும். கூலி ஒண்ணுக்கு ரெண்டா வந்து நிக்கும்."

அவரைத் தூக்கிக்கொண்டு போய் வைக்க வேறு இடம் இல்லை. மகள் இருப்பது மாடியில் ஒண்டுக் குடித்தனம். அதைத் தையல்நாயகி சொல்லவில்லை. மேஸ்திரிக்கும் தெரியும்.

"இந்த மழைக்குத் தார்ப்பாயப் போட்டு ஒப்பேத்திடுங்க. தைக்கு மேல பாத்துக்கலாம். அதுக்குள்ள அவருக்கும்..."

மேஸ்திரி நாக்கைக் கடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். கணக்குதான் அப்படி வந்தது.

கட்டிலில் கிடந்தவருக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. பந்தியில் எல்லாரும் எழுந்த பிறகும் இலைமுன் உட்கார்ந்திருப்பவனுக்கு வரும் வெட்கம்.

தை வரைக்கும் பொறுத்தால் அவள் அவ்வளவு அப்பளம் உருட்ட வேண்டாம்.

இடக்கை விசிலைத் தேடி எடுத்தது. வாயின் கோணாத பக்கத்தில் வைத்தார்.

ஊதினார்.

மூச்சு வாங்கியது.

இன்னொரு தடவை ஊதினார்.

வாசலில் பேச்சு நின்றது.

"தண்ணி கேக்குறாரா?" என்றார் மேஸ்திரி.

தையல்நாயகி உள்ளே வந்தாள். அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

போர்வைமேல் கிடந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். அவர் தலையைத் தூக்கினாள். கழுத்துக் கயிற்றைக் கழற்றி, விசிலை முந்தானையில் முடிந்துகொண்டாள். முடிச்சை இழுத்து இறுக்கினாள்.

வாசல் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"பாதி பாதியாவே பிரிங்க மேஸ்திரி."

மேலே அந்த ஓடு விலகியபடியே இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து, மாவு பிசைந்தாகிவிட்டது என்று அவளைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள்.

இனி அவரால் கூப்பிட முடியாது.

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, கட்டிலோரம் உட்கார்ந்தாள்.