கடைசி வீட்டு ஃபேன்

நாட்டின் மின்வெட்டைத் தீர்க்கும் வழி ஆமத்தூரில் ஜெயச்சந்திரன் ஒருவருக்கு மட்டுமே தெரியும். "யூனிட் விலையை ஏத்து. சுவிட்ச் தானா அணையும். வரப்போற காலத்துல ஒலகமே இப்படித்தான் நடக்கும். இலவசமாக் குடுக்கிறவன் கிறுக்கன்" என்பார்.

அவர் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளே ஆய்வுக்கூடம். வீட்டுக்கு வீடு தனி மீட்டர், அவர் வைத்ததே விலை. முதலில் ஏற்றியபோது டிவிகள் அணைந்தன. அடுத்து ஏற்றியதும் மிக்ஸிகள் ஓய்ந்தன. அதற்கும் மேல் ஏற்றியபிறகு எல்லாரும் பொழுது சாய்ந்ததும் படுத்துவிட, வளவு முற்றத்தில் நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிந்தன.

கடைசி வீட்டு மீட்டர் மட்டும் தத்துவத்தை மதிக்கவில்லை. ஐப்பசி மழையிலும் அங்கே இரவு பகலாக ஃபேன் ஓடியது. போதாக்குறைக்கு, அங்கே குடியிருந்த பட்டாசுக் கூலித் தொழிலாளி முனியராஜின் மனைவி சின்னத்தாய் தினமும் குருத்து வாழையிலை வாங்கிப் போனாள்.

ஜெயச்சந்திரன் நேரில் போனார்.

"ஏத்தா, தெனமும் யாருக்கு விருந்து? ஒம் புருசன் எங்க?"

"லோடு லாரியில வடக்க போயிருக்காக அண்ணாச்சி." அவள் வாசலை மறித்து நின்றாள்.

"அப்ப ஃபேன் யாருக்கு? உள்ள ராசா கொலுவிருக்காரோ?"

"எம்புட்டு வேணும்னாலும் ஏத்துங்க, குடுத்திருதேன். கரண்டை மட்டும் புடுங்கிராதீக!"

விலைக்கு அசையாத ஜென்மத்தை அவர் அன்றுதான் பார்த்தார். கொள்கைக்கே அவமானம். வாசல் மீட்டர் பலகையிலிருந்த ஃபியூஸைப் பிடுங்கினார்.

ஃபேன் நின்றது. உள்ளே யாரோ முனகினார்கள். சின்னத்தாய் அலறிக்கொண்டு ஓட, அவரும் பின்னால் நுழைந்தார்.

தரையில் விரித்த வாழையிலைமேல் முனியராஜ் கிடந்தான். கழுத்திலிருந்து இடுப்புவரை வெந்திருந்தது. சின்னத்தாய் முந்தானையால் ஈ விரட்டினாள்.

ஜெயச்சந்திரன் கத்தினார். "அடிப்பாவி! ஆஸ்பத்திரிக்குத் தூக்காம இங்கன போட்டு வச்சிருக்கியே!"

"போனா கேசாயிரும், கம்பெனியை மூடிருவாகன்னு சொன்னாக."

"மனுச உசுரைவிடக் கம்பெனியா பெருசு? எந்தப் படுபாவி சொன்னான்?"

"உங்க மகன்தான் அண்ணாச்சி. அவுக பட்டாசு ஷெட்டுலதான வெடிச்சுச்சு."

ஜெயச்சந்திரன் வெளியே வந்து வளவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஃபியூஸைத் தம் கையாலேயே மாட்டினார். ஃபேன் மறுபடி சுற்றியது.

"ஓடட்டும்த்தா" என்றார், குரலைத் தாழ்த்தி. "இனிமே ஒனக்குக் கரண்டு இலவசம். கதவை மட்டும் சாத்தியே வையி."